வேலிக்கு வேறு பேர்

அத்தியாயம் 12

ஆட்டம் நாளைக்குத்தான். மலை என்னவோ மூன்று நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. தேவனூர் நாட்டில் மஞ்சள் இடிக்காத வீடு இல்லை. துண்டு, தலைப்பாகை, கிழிந்த வேட்டி என்று எதையும் விடவில்லை. எல்லாம் மஞ்சள் தண்ணீரில் முங்கி எழுந்து வெயிலில் காய்ந்தன. பைல் நாட்டுக்காரர்களுக்குக் காவி நிறம். "செம்மண்ணுல பொரட்டி எடுத்தாப் போதும், மெனக்கெடவே வேண்டாம் பாரு" என்று தேவனூர்ப் பெண்கள் அவர்களைக் கேலி பேசினார்கள். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து ஒரு கூட்டம் கட்டுச்சோற்றோடு விடியற்காலையிலேயே மலையேறத் தொடங்கிவிட்டதாகத் தகவல். அவர்களுக்கு எந்த நாடு ஜெயித்தால் என்ன? சண்டை நடந்தால் போதும்.

இந்த வாரம்தான் இந்தக் கதையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மக்கினி துரை கொல்லிமலைக்குக் காப்பித் தோட்டம் போட வந்தவர். வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். கனடா தேசத்துக்காரர். அங்கே அவருடைய ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் பந்தாட்டத்தில் ஜென்மப் பகையாம். அந்தப் பகை இல்லாமல் இரண்டு வருஷம் அவருக்குச் சோறே இறங்கவில்லை. தேவனூர் நாட்டுக்காரனும் பைல் நாட்டுக்காரனும் சந்தையில் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வையைக் கண்ட அன்று அவருக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து பந்தை எடுத்தார்.

அது உருண்டைப் பந்து இல்லை. இரண்டு முனையும் கூம்பி, பலாப்பிஞ்சு மாதிரி இருக்கும். காலால் உதைக்கலாம், கையால் எறியலாம், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். பத்து கஜம் முன்னேற மூன்று வாய்ப்பு. அதற்கு மலைக்காரர்கள் 'மூணு மூச்சு' என்று பேர் வைத்தார்கள். எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்தால் ஐந்து. உதைத்த பந்து எதிரியின் கோட்டுக்குப் பின்னால் போய், அதை எடுத்தவன் வெளியே கொண்டுவர முடியாமல் மாட்டிக்கொண்டால் ஒன்று. அந்த ஒன்றுக்குப் பேர் 'ஒத்தை'.

அந்த ஒத்தையில்தான் போன வருஷம் தேவனூர் நாடு தோற்றது. கோட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மண்ணில் கிடந்தவன் வேலப்பன், நம் அத்தாயியின் புருஷன். அன்று முதல் பைல் நாட்டில் அவனுக்கு 'ஒத்தை வேலப்பன்' என்று பேர். மிளகு மூட்டையோடு சந்தைக்குப் போனால் பேரம் பேசுவதற்கு முன்னால் ஒற்றை விரலைக் காட்டுவார்கள்.

இதில் இன்னொரு சங்கடம் என்னவென்றால், அத்தாயி பிறந்தது பைல் நாட்டில். அவளுடைய அண்ணன் சின்னராசுதான் அந்த அணிக்குத் தலைவன்.

போன அத்தியாயத்தில் அவள் அண்ணன் மகளின் காதுகுத்துக்குப் போய்வந்ததையும், வந்த நாள் முதல் சோற்றை அளைந்துகொண்டிருப்பதையும் சொல்லியிருந்தோம். ஏன் என்று சொல்லவில்லை. இனிமேல் மறைத்து வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. வேலப்பன் வாசலில் குந்தி, இலவம்பஞ்சு அடைத்துத் தைத்த கோணிப் பந்தை மடியில் வைத்து முனையைச் சரி செய்துகொண்டிருந்தான். நிஜப் பந்து துரை பங்களாவில் இருந்தது. அதை ஆட்டத்தன்றுதான் தொடலாம்.

"துண்டெல்லாம் எங்க போட்டிருக்கற, ஆயா?" என்று மாமியார் பொன்னாயி மருமகளைக் கேட்டாள்.

"முள்ளுக்கட்டு மேல காயுதுங்கத்தை" என்றாள் அத்தாயி.

ஊரே வேலி என்று சொல்வதை அவள் முள்ளுக்கட்டு என்பாள். வேலப்பனுக்கு வாக்கப்பட்ட நாலு வருஷமாக அவள் வாயில் வேலியும் இல்லை, வேலையும் இல்லை. வேலையைப் பாடு என்பாள். முருகன் கையில் இருப்பதை 'சாமி புடிச்சிருக்கறது' என்பாள். புருஷன் பேரை மட்டுமல்ல, புருஷன் பேர் வந்து ஒட்டுகிற சொல்லையும் சொல்லாத வம்சம். பொன்னாயிக்கு இதில் ஏகப் பெருமை. அக்கம்பக்கத்து மருமகள்களுக்கு அத்தாயியை உதாரணம் காட்டுவாள்.

பன்னிரண்டு பேரும் தோட்டத்துப் பக்கம் பழகிக்கொண்டிருந்த புது உபாயத்துக்கு 'வேலி' என்று பேர் வந்தபோது அவர்கள் எல்லோருக்கும் சிரிப்பு; வேலப்பன் வீட்டுக்கு வந்து ரகசியமாகச் சொன்னபோது அத்தாயிக்கும் சிரிப்பு. பேர் வைத்தவன் வேலப்பன் இல்லை; உருவத்தைப் பார்த்துத் தானாக அமைந்தது. வேலப்பன் "வேலி" என்று கத்துவான். பத்துப் பேர் இடது பக்கமாகத் தோளோடு தோள் சேர்த்து வேலி போல நின்று முட்டுவார்கள். பந்து அந்த வேலிக்குள்தான் போகிறது என்று எதிரிகள் அங்கே பாய்வார்கள். பந்து வேலப்பன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வலது ஓரத்தில் தனியாக ஓடுகிற காளியண்ணனுக்கு அதை நீளமாக எறிவான். அப்புறம் காளியண்ணனைப் பிடிக்க மலையில் ஆள் கிடையாது.

இந்த ஒரு எறியில் ஒத்தை என்ற பேர் அழிந்துவிடும் என்று வேலப்பன் நம்பியிருந்தான். ஒரு வருஷமாக அவன் நிம்மதியாகச் சிரித்தது இந்த உபாயம் கைவந்த பிறகுதான். அது அத்தாயிக்குத் தெரியும். தெரிந்ததுதான் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

செல்லமுத்து வாசலுக்கு ஓடி வந்தான். அணியில் அவன் ஓர் ஆள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

"மாமா, சொல்லு வெளிய போயிருச்சு" என்றான் செல்லமுத்து.

"எந்தச் சொல்லு?"

"வேலிதான். நேத்துப் பைல் நாட்டு வழியா வந்தேன். மந்தையில பழகிட்டிருந்தாங்க. மறைஞ்சு நின்னு பாத்தேன். சின்னராசு 'வேலி'ன்னு கத்தறாரு, உடனே ரெண்டு பேரு காளியண்ணன் ஓடற வலப்பக்கமா ஓடி அணைகட்டறாங்க. ஒருக்கா இல்ல, பத்துத் தடவ."

வேலப்பன் கையிலிருந்த கோணி ஊசி அப்படியே நின்றது.

"பன்னண்டு பேருக்குத் தவிர யாருக்குந் தெரியாதே" என்றான் ஒருவன். சொன்னவனின் கண் தன்னையறியாமல் அத்தாயியின் பக்கம் போனது. பைல் நாட்டுப் பெண் அல்லவா, போகத்தான் செய்யும்.

"அங்க பாக்காதீங்க" என்றான் வேலப்பன். "அவளுக்கு அந்தச் சொல்லே வாயில வராது. உங்களுக்குத் தெரியாததா?"

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பொன்னாயியும் சிரித்தாள். "என்ற மருமவ கழுத்த அறுத்தாலும் சொல்லமாட்டா" என்றாள்.

அத்தாயி உரலில் சாமையைப் போட்டுக் குத்த ஆரம்பித்தாள். ஏற்கெனவே குத்திப் புடைத்து வைத்திருந்த சாமை அது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நம்பிக்கை வைத்துப் பேசியதுதான் தாங்கவில்லை.

"அப்பறம் யாரு?" என்று செல்லமுத்து குரலைத் தணித்தான். "காளியண்ணன் போன வாரம் தங்கச்சிக்குச் சீர் எடுத்துக்கிட்டுப் பைல் நாட்டுக்குத்தான போனான்? மூணு நாளு தங்கிட்டு வந்தான்."

காளியண்ணனும் வேலப்பனும் ஒரே வட்டிலில் தின்று வளர்ந்தவர்கள். வேலப்பன் இப்போது 'அவன் அப்பேர்ப்பட்டவன் இல்ல' என்று சொல்வான் என்று அத்தாயி காத்திருந்தாள்.

வேலப்பன் ஒன்றும் சொல்லவில்லை.

"பட்டக்காரர்கிட்டச் சொல்லிருவோம். கருப்பனார் கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள். வேலப்பனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே போனான்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அத்தாயி வாயைப் பொத்திக் கெட்டாள். அந்தக் கதை இதுதான்.

காதுகுத்தன்று பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். "ஒத்தை ஊட்டம்மா வந்திருக்காங்க, நல்லா எடம் போடுங்க" என்று சின்னராசு ஆரம்பித்தான். நாற்பது பேர் கொல்லென்று சிரித்தார்கள். பெற்ற தாயும் சேர்ந்து சிரித்தாள்.

அத்தாயிக்குச் சுருக்கென்றது. "இந்த வருசம் சிரிக்கறது யாருன்னு பாக்கத்தான போறோம்" என்றாள்.

"ஏங் கண்ணு, புதுசா ஏதாச்சும் வெச்சிருக்காங்களா?"

"வெச்சிருக்காங்க."

"அதுக்கு என்ன பேரு?"

"அதெல்லாம் சொல்லமாட்டேன்."

சின்னராசு கெட்டிக்காரன். கொஞ்சம் யோசித்தான். "சொல்லமாட்டயா, இல்ல சொல்லக்கூடாதா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். அத்தாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமான பெண் அப்படி வாயைப் பொத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று மலையில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். புருஷன் பேரைக் கேட்டால் பெண்கள் செய்வது அது.

சின்னராசு வாசலைச் சுற்றிப் பார்த்தான். கிழக்கே ஓர் ஆடு முள்ளைத் தாண்டித் தோட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. "கண்ணு, அந்தா ஆடு தாண்டுதே, அதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

"முள்ளுக்கட்டு" என்றாள் அத்தாயி, பொத்திய வாய்க்குள்ளிருந்தே.

மறுபடியும் நாற்பது பேரும் சிரித்தார்கள். சின்னராசு மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய கண் சிறுத்தது. பேர் வேலி என்றால் அது ஒரு பக்கத்து அடைப்பு, பந்து காளியண்ணன் எப்போதும் ஓடுகிற வலது ஓரத்துக்குத்தான் வரும் என்று கணக்குப் போட்டான்.

நாலு வருஷமாக மருமகளாக இருக்கிறாள். ஒரு வார்த்தைக்காக நாற்பது பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு அன்று ஒரு நாள்தான். அந்தச் சந்தோஷத்தைப் பற்றி அதற்குமேல் அவள் நினைப்பதில்லை. நினைக்க வந்தால், நான்தான் சொல்லவே இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பத்து நாளாக அதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினாள்.

உச்சிப்பொழுது சாயும் நேரத்தில் சென்னம்மாள் வந்தாள். காளியண்ணன் மனைவி. வாசலுக்குள் வராமல் வெளியிலேயே நின்றாள்.

"அத்தாயி, அவரக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"கேள்விப்பட்டனுங்கக்கா."

"அவரு சொல்லியிருக்கமாட்டாரு. எனக்கே அந்தச் சொல்லு இன்னைக்குத்தான் தெரியும். சூடம் அணைக்கறதுக்கு அவரு பயப்படல. பொய்யோ மெய்யோ, சத்தியம் பண்ணுன ஊடுன்னு ஒருக்காப் பேரு வந்துட்டா அப்பறம் போகுமா? எங்களுக்குக் கட்டிக்குடுக்க ரெண்டு புள்ளைங்க இருக்குது."

அத்தாயி தரையைப் பார்த்தாள்.

"உங்கூட்டுக்காரரு ஒரு வார்த்த சொன்னா நிறுத்தீருவாங்க" என்றாள் சென்னம்மாள். "நீ எடுத்துச் சொல்லு சாமி. உன்ற மேல அவருக்கு எவ்வளவு நம்பிக்கன்னு ஊருக்கே தெரியும்."

அந்தச் 'சாமி' என்ற வார்த்தை அத்தாயியைச் சுட்டது. வயதில் மூத்தவள், ஒரு தப்பும் செய்யாதவள், தன்னைக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "நீங்க ஊட்டுக்குப் போங்கக்கா, நான் பாக்கறேன்" என்பதுதான் வந்தது.

சென்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் அத்தாயியால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. மாமியாரிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினாள். போகிற வழியெல்லாம் நாளைய ஆட்டத்தின் பேச்சாகவே இருந்தது. துரை புது ஊதல் வாங்கியிருக்கிறாராம். முள்ளுக்குறிச்சியிலிருந்து மேளம் வருகிறதாம். "எந்தப் பக்கம் உக்காரப் போற அத்தாயி?" என்று ஒருத்தி வழக்கமான கேலியைக் கேட்டாள். அத்தாயி காதில் விழாதது மாதிரி நடந்தாள்.

கருப்பனார் கோயில் என்றால் கோபுரம் இல்லை. ஒரு புங்க மரம், மூன்று கல், நட்டு வைத்த அரிவாள். பட்டக்காரர் மாதேஸ்வரன் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தேவனூர் நாட்டுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். சுற்றிலும் நூறு ஆண்களாவது இருப்பார்கள். நடுவில் காளியண்ணன் தலையில் மஞ்சள் துண்டோடு நின்றான். உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்துவதற்குச் செல்லமுத்து தீப்பெட்டியை எடுத்துவிட்டான்.

வேலப்பன் ஓர் ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பெண்கள் வரக்கூடாத இடம் இல்லை, ஆனால் யாரும் வருவதில்லை.

"அவரு சொல்லலீங்க" என்றாள் பட்டக்காரரிடம், காளியண்ணனைக் காட்டி.

"பின்ன யாரு சொன்னது?"

"எங்கண்ணனுக்குத் தெரிஞ்சது என்னாலதானுங்க."

வேலப்பன் தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு அது அப்போதே வித்தியாசமாகப் பட்டது. பட்டக்காரர்தான் நெற்றியைச் சுருக்கினார். "நீ எப்படி ஆயா சொல்லுவ? அந்தச் சொல்லே உனக்கு வராதுன்னு காலையிலதான உன்ற புருஷன் சொன்னான்?"

"சொல்லலீங்க. சொல்லாம விட்டதுலதான் தெரிஞ்சுக்கிட்டாங்க."

யாருக்கும் விளங்கவில்லை. அவள் விளக்க வேண்டியிருந்தது. காதுகுத்து, வெற்றிலை, ஆடு, முந்தானை, முள்ளுக்கட்டு எல்லாவற்றையும் நூறு ஆண்களுக்கு முன்னால் நின்று சொன்னாள். பாதிக்கு மேல் காற்றுக்குச் சொல்வது போலச் சொல்லி முடித்தாள்.

முதலில் சிரித்தவன் செல்லமுத்து. அப்புறம் ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். கடைசியில் பட்டக்காரரும் தொடையைத் தட்டிச் சிரித்தார். தப்பு செய்தவளுக்குத் தண்டனை என்ன என்று கேட்க வந்தவள் இந்தச் சிரிப்புக்கு நடுவில் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். நாலு அடி போட்டிருந்தாலும் இதைவிட ஆறுதலாக இருந்திருக்கும்.

"இதுவும் நல்லதுக்குத்தான்" என்றார் பட்டக்காரர். "அவங்களுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாதில்ல? நாளைக்கு வேலின்னே கத்துங்க. அவங்க ரெண்டு பேரு வலப்பக்கம் ஓடுவாங்க. நாம பந்த எடுத்துக்கிட்டு இடப்பக்கமே நேராப் போயிருவோம். சின்னராசு வாயத் தொறந்தது தொறந்தபடி நிக்கட்டும்."

கூட்டத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மவராசி, நீ சொன்னதும் நல்லதாப் போச்சு" என்று ஒரு கிழவர் அத்தாயியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"வா காளியண்ணா, போய்ப் பழகலாம். பொழுது இருக்குது" என்று செல்லமுத்து, ஒன்றுமே நடக்காதது போல அவன் தோளில் கை போட்டான்.

காளியண்ணன் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டான். தலையிலிருந்த மஞ்சள் துண்டை அவிழ்த்தான். மெதுவாக மடித்தான். கருப்பனார் கல்லின் மேல் வைத்துவிட்டு வேலப்பனிடம் வந்தான்.

"ஒரு வார்த்த நீ சொல்லியிருக்கலாம்" என்றான்.

"ஊரு பேசுனதுல எனக்கு வருத்தமில்ல. ஊருன்னாப் பேசத்தான் செய்யும். நீ அங்கதான நின்னுக்கிட்டிருந்த?"

பதிலுக்குக் காத்திருந்துவிட்டுக் காளியண்ணன் கூட்டத்தைத் தாண்டிப் போனான். "கோவம் ஆறுனா வருவான், உட்டுருங்க" என்றார் பட்டக்காரர். அவர் சொன்னால் அப்படித்தான் ஆகும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

வேலப்பன் முன்னால் நடந்தான், அத்தாயி பத்தடி பின்னால் வந்தாள். பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. கோபத்தோடு நடக்கிற நடை அவளுக்குத் தெரியும். இது அந்த நடை இல்லை. அடிபட்ட காலோடு நடக்கிறவன் போல ஒவ்வொரு எட்டையும் பார்த்து வைத்தான்.

ஓடை தாண்டியதும் நின்றான். திரும்பாமலே கேட்டான்.

"உங்கண்ணன் கண்டுபுடிச்சுட்டாருன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

காலையில் செல்லமுத்து வந்து சொன்னபோதுதான் என்று சொல்லலாம். யார் வந்து மறுக்கப்போகிறார்கள்? நூறு பேருக்கு முன்னால் சொன்ன கதையிலும் இந்த ஒரு இடத்தை அவள் சொல்லவில்லை.

"அப்பவே தெரியும்ங்க" என்றாள். "அண்ணன் சிரிக்காமப் பாத்தப்பவே."

"அதுக்கப்பறமும் நீ சிரிச்சயா?"

"சிரிச்சனுங்க."

சொல்லிவிட்டு அழக்கூடக் கூச்சமாக இருந்தது அவளுக்கு. அழுதால் மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

வேலப்பன் ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தான். கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

"காலையில செல்லமுத்து வந்து சொன்னப்பவே எனக்கு உன்ற ஞாபகந்தான் வந்துச்சு" என்றான். "காதுகுத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்து நீ சோறு திங்கல. எனக்கு அதுகூடவா தெரியாது?"

அத்தாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தச் சொல்லே உனக்கு வராதுன்னு நான் சொன்னது, அவங்க உன்னப் பாக்கக் கூடாதுன்னுதான். அவங்களும் பாக்கல. அப்பறம் காளியண்ணன் பேரு வந்துச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு அத்தாயி. அவன் அப்படிச் செய்யமாட்டான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே அவன நிக்க வெச்சேன். நீ வராம இருந்திருந்தா அவன் சூடத்தையும் அணைச்சிருப்பான். நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னிருப்பேன்."

போன வருஷம் கோட்டுக்குப் பின்னால் மண்ணில் கிடந்தபோதுகூட அவன் முகம் இப்படி இருந்ததில்லை. அத்தாயிக்கு அவனைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. எந்த முகத்தோடு தேற்றுவது? தப்பு செய்தவள் அவள். அதற்காகக் கூட்டாளியைப் பலி கொடுக்கத் துணிந்தவன் அவன். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அங்கே நல்ல வார்த்தை எதுவும் மிச்சம் இல்லை.

வேலப்பன் எழுந்தான். "வா, அவன் ஊட்டுக்குப் போலாம். கால்ல உழுந்தாவது சொல்லீட்டு வந்துரலாம்."

காளியண்ணன் வீடு மேட்டுத் தெருவில் கடைசி. வாசலில் கோழிகள் அடைவதற்கு வந்துகொண்டிருந்தன. சென்னம்மாள் வெளியே வந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. மத்தியானம் சொன்ன 'சாமி'யும் இல்லை.

"காளியண்ணன் இல்லீங்களா?" என்று வேலப்பன் கேட்டான். தங்கை போல இருந்தவளிடம் அவன் அன்றுதான் முதல் தடவையாக 'ங்க' போட்டுப் பேசினான்.

"இல்லீங்க."

"எங்க போயிருக்கான்?"

"கோயில்ல இருந்து நேரா வந்தாரு. தண்ணிகூடக் குடிக்கல. பைல் நாட்டுக்கு, தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்னு கெளம்பிட்டாரு."

வேலப்பன் மேட்டிலிருந்து தெரிந்த பாதையைப் பார்த்தான். அதில் யாரும் இல்லை. நாளைக்கு வேலி என்று கத்திவிட்டு இடப்பக்கம் போகப்போகிற சங்கதி தெரிந்த ஒருவன் அந்தப் பாதையில் போய் ஒரு நாழிகைக்கு மேல் ஆகியிருந்தது.

"ஏதாச்சும் சொல்லீட்டுப் போனானா?"

சென்னம்மாள் அவனைப் பார்க்கவில்லை. அத்தாயியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அங்க போனா யாரும் தன்னச் சந்தேகப்பட மாட்டாங்கன்னு சொன்னாருங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.